மாலம் காமிஸ் என்றால் புதன்கிழமை

படப்பையைத் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. முன்னால் ஒரு டிரெய்லர், புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு, திரும்பவும் முடியாமல் நகரவும் முடியாமல் சாலையை அடைத்து நின்றது. செவ்வாய்க்கிழமை காலை, ஏழரை மணி இருக்கும். பக்கத்து டீக்கடையில் போண்டா வேகும் வாசனை டீசல் புகையோடு சேர்ந்து ஜன்னல் வழியாக வந்தது.

பின்சீட்டில் நானும் யூனியும். யூனி இந்தோனேசியாக்காரி. எங்கள் தொழிற்சாலைக்குப் புதிதாக வந்திருந்த, தகட்டை அழுத்தி வளைக்கும் பெரிய பிரஸ்ஸை நிறுவி, ஓட்டிக் காட்டிவிட்டுப் போக வந்த டெக்னீஷியன். முப்பது, முப்பத்திரண்டு வயது. வண்டி ஓட்டியவர் சாதிக் பாய். சொந்த ஊர் வாலாஜாபாத், குடியிருப்பு எங்களைப் போலவே குன்றத்தூர்.

"பெட்டிய இன்னிக்கே எடுத்துக்கினு வந்துட்டாங்களே மேடம். ஊருக்கு நாளைக்குத்தானே?" என்று கேட்டார் சாதிக் பாய்.

எனக்கும் அது விசித்திரமாகத்தான் இருந்தது. காலையில் யூனி தன் பெட்டியை டிக்கியில் ஏற்றியபோது, ஊருக்குப் போகும் அவசரம், ஒருநாள் முன்னாலேயே கட்டிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"நாளைக்குத்தான் பாய். சாயங்காலம் ஏர்போர்ட்ல விட்டுடுங்க. வியாழக்கிழமை மத்தியானம் வீடு போய்ச் சேந்துடுவாங்க. அன்னிக்கு ராத்திரி அவங்க அம்மாவுக்கு நூறாம் நாள் ஓதறாங்களாம்."

"வியாழக்கிழமை ராத்திரின்னு அவங்க வாயால சொன்னாங்களா?"

"மாலம் காமிஸ்னு சொன்னாங்க. மாலம்னா ராத்திரி, காமிஸ்னா வியாழன்." சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் பெருமை இருந்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

சாதிக் பாய் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "எங்க வூட்ல வெள்ளி ராவுன்னா வெள்ளிக்கிழமை ராத்திரி இல்ல மேடம். வியாழக்கிழமை பொழுது சாஞ்சாலே வெள்ளி ராவு. எங்களுக்கு மஃரிப்லேர்ந்து அடுத்த நாள் கணக்கு. அவங்களும் எங்காளுங்கதானே. எதுக்கும் ஒரு வார்த்த கேட்டுடுங்க."

நான் யூனியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பையிலிருந்து ரொட்டி எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். அன்று வழக்கத்தைவிட உற்சாகமாக இருந்தாள்.

நான் அவளிடம் என்ன கேட்டேன் என்பதற்கு முன், இந்த அரைகுறை மொழி எனக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிட வேண்டும்.

லூசா

ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் எனக்கு அட்மின் வேலை என்பது இந்தத் தொடரைப் படித்து வருபவர்களுக்குத் தெரியும். பஸ் எந்த ஊரில் எத்தனை மணிக்கு நிற்கும், கேன்டீனில் எத்தனை பேருக்குச் சாப்பாடு, வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு அறை, வண்டி, டிக்கெட். ஆள் கணக்கும் நாள் கணக்கும்தான் என் பிழைப்பு.

பிரஸ்ஸோடு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் அகுஸ், ஆகஸ்டில் பிறந்தவர். இன்னொருத்தி யூனி, ஜூனில் பிறந்தவள். அவர்கள் ஊரில் பிறந்த மாதத்தையே பெயராக வைப்பது சாதாரணமாம். என் பெயர் ரேவதி, அது நான் பிறந்த நட்சத்திரம் என்று வானத்தைக் காட்டி விளக்கியபோது இருவருக்கும் பெரிய சந்தோஷம்.

அகுஸுக்கு நல்ல ஆங்கிலம் வரும். அவரை மூன்றே வாரத்தில் வடக்கே வேறொரு ஆலைக்கு அனுப்பிவிட்டார்கள். யூனிக்குத் தெரிந்த ஆங்கிலம் இயந்திர ஆங்கிலம். ஆன், ஆஃப், பிரஷர், ஆயில், ஸ்டாப். போனில் மொழிபெயர்க்கலாம் என்றால், உற்பத்தி நடக்கும் லைனுக்குள் போன் கூடாது. கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

அகுஸ் போன மறுநாள் ஏழுமலை என் அறைக்கு வந்தான். அந்த பிரஸ்ஸின் ஆபரேட்டர். தொழிற்பேட்டைக்குப் பின்னால் உள்ள கிராமத்துக்காரன். எங்கள் பார்க்கிங் இருக்கும் இடத்தில்தான் அவன் தாத்தா மல்லாட்டை பயிர் போட்டாராம். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வான். அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை.

"பிரஸ்ஸுல மாட்டற அச்சு, அந்த டை எப்போ ரெடி ஆவும்னு மரியாதையாத்தான் கேட்டேன் மேடம். மூஞ்சிக்கு நேரா லூசான்னுது. ஒருவாட்டி இல்ல, மூணுவாட்டி. நா இன்னா பண்ணேன் அதுக்கு?"

அவனை அழைத்துக்கொண்டு லைனுக்குப் போனேன். யூனி கலவரமாக நின்றிருந்தாள். தான் என்ன தப்பு செய்தோம் என்று அவளுக்குப் புரியவில்லை. என் அறைக்குக் கூட்டிவந்தேன். சுவரில் தேதி காலண்டர் தொங்கியது. யூனி அதன் அருகில் போய் அன்றைய தாளைத் தொட்டு, "ஹாரி இனி" என்றாள். அடுத்த தாளைத் தூக்கிக் காட்டி, "பெசோக்." அதற்கும் அடுத்ததைத் தூக்கி, ஏழுமலையைப் பார்த்துக் கெஞ்சுவதுபோல, "லூசா."

இன்று, நாளை, நாளை மறுநாள்.

ஏழுமலை அந்தத் தாளைத் தானும் தூக்கிப் பார்த்தான். "நாளானிக்கா? அத மொதல்லயே சொல்லியிருந்தா நா ஏன் கோச்சிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஒரு வாரத்தில் லைன் முழுக்க அந்தச் சொல் பரவிவிட்டது. லீவு எப்போது கிடைக்கும் என்று யாராவது கேட்டால் லூசா. புது ஷூ எப்போது தருவார்கள், லூசா.

தாளின் பின்பக்கம்

அன்றிலிருந்து நான் படிக்கத் தொடங்கினேன். காலண்டரில் கிழித்த தாளை எறியாமல் அதன் பின்பக்கம் ஒரு சொல் எழுதுவேன். காரில் போகும்போது யூனி சொல்லிக் காட்டுவாள், நான் தமிழில் எழுதிக்கொள்வேன். செனின், செலாசா, ராபு, காமிஸ், ஜுமாத், சப்து, மிங்கு. திங்களிலிருந்து ஞாயிறு வரை.

இதில் பாதி சாதிக் பாய்க்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. "இது அரபுலேர்ந்து போனதுதான் மேடம். எங்க பள்ளிவாசல் ஹஜ்ரத் நாளுங்கள இப்படித்தான் சொல்வாரு" என்றார்.

மிங்கு என்றால் ஞாயிறு, வாரத்துக்கும் அதே சொல். புலான் என்றால் மாதம், நிலாவுக்கும் அதே சொல். நம்முடைய திங்கள், நிலாவாகவும் மாதமாகவும் கிழமையாகவும் மூன்று வேலை பார்க்கிறதே, அதை யூனிக்கு விளக்கினேன். "ஒன்று, மூன்று" என்று விரல் விட்டுக் காட்டி, எங்களுடையது அதிகச் சிக்கனம் என்றேன். சிரித்தாள். தேதிக்குத் தங்கல். "தங்கல் பெராப்பா?" என்றால் என்ன தேதி. தாஹுன், வருஷம். கெமாரின், நேற்று.

பள்ளியில் இந்தி டியூஷனில் சேர்ந்து, மூன்றே மாதத்தில் நின்றவள் நான். ஆங்கிலத்திலும் ஆபீஸ் கடிதம் எழுதத் தெரியுமே தவிர ஆசையாகப் பேசியதில்லை. நாற்பத்து மூன்று வயதில், ஒரு மொழி என் வாயில் சரியாக உட்கார்ந்து, எதிரே இருப்பவள் தலையாட்டுகிறாள் என்பது எனக்குப் புதிது. சீக்கிரமே போனில் தட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். யூனிக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், "ரேவதி மேடத்தைக் கூப்பிடுங்க" என்றார்கள். அந்தக் கூப்பாடு எனக்குப் பிடித்திருந்தது.

அந்தப் பிடித்தம்தான் கெடுத்தது.

நூறு நாள்

யூனி இங்கே வருவதற்குச் சில வாரங்கள் முன்புதான் அவள் அம்மா இறந்திருந்தார். நாற்பதாம் நாளை முடித்துவிட்டு, இரண்டாம் நாள் விமானம் ஏறியவள். நூறாம் நாளுக்குள் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். வேலை இழுத்துக்கொண்டே போயிற்று.

ஒருநாள் கேன்டீனில், ரசம் சாதத்தைப் பிசைந்தபடி விஷயத்தைச் சொன்னாள். "செராதுஸ் ஹாரி. இபு." நூறு நாள், அம்மா. இபு என்பது அங்கே அம்மாவுக்கும் பெயர், மரியாதையாக எந்தப் பெண்ணை அழைப்பதற்கும் பெயர். நாம் கடைக்காரம்மா, டீச்சரம்மா என்று சொல்வதில்லையா, அதுபோல. என்னையும் இபு என்றுதான் கூப்பிடுவாள்.

என்றைக்கு என்று கேட்டேன். "மாலம் காமிஸ்" என்றாள்.

பிளான்ட் ஹெட் ராகவன் சாரிடம் பேசினேன். புதன்கிழமை காலை கஸ்டமர் தரப்பு ஆட்கள் வருகிறார்கள், அவர்கள் முன்னால் பிரஸ்ஸை ஓட்டிக் காட்டிவிட்டு மத்தியானம் கிளம்பட்டும் என்று ஒப்புக்கொண்டார். யூனியிடம் போய், நானே கோர்த்த வாக்கியத்தைச் சொன்னேன். "செபெலும் மாலம் காமிஸ், டி ரூமா." மாலம் காமிஸுக்கு முன் நீ வீட்டில் இருப்பாய்.

அவள் என் வலது கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொன்னோம். எனக்கு அது வியாழன். அவளுக்கு அது புதன். தங்கல் பெராப்பா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் தேதி வந்திருக்கும், எல்லாம் அங்கேயே சரியாகியிருக்கும். அந்தக் கேள்வி ஒரு தாளின் பின்பக்கத்தில், என் மேஜை இழுப்பறையில், என் கையெழுத்திலேயே இருந்தது.

டிக்கெட் திங்கள் மாலைதான் வந்தது. நாளைக்குக் கொடுக்கலாம் என்று வைத்திருந்தேன்.

ராபு

இப்போது மறுபடியும் படப்பை. டிரெய்லர் இன்னும் நகரவில்லை.

போனில் காலண்டரைத் திறந்து யூனியிடம் நீட்டினேன். "மாலம் காமிஸ்?"

அவள் ரொட்டி பிடித்திருந்த கையின் சுண்டுவிரலால் புதன்கிழமைக் கட்டத்தைத் தொட்டாள்.

"ராபு?"

"ராபு, மாலம் காமிஸ்" என்றாள். புதன், வியாழன் இரவு. அவளுக்கு அதில் குழப்பமே இல்லை. பிறகு தன்னைக் காட்டி, "ஹாரி இனி, பாண்டாரா" என்றாள். இன்றைக்கு ஏர்போர்ட்.

நான் டிக்கெட்டைத் திறந்து காட்டினேன். அவள் தேதியைப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். ரொட்டியைத் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். என்னைத் திட்டவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். வண்டி கிளம்பி, ஒரகடம் மேம்பாலம் வந்து, எங்கள் கேட் வரைக்கும் அப்படியே இருந்தாள்.

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று ஊரில் சாதாரணமாகச் சொல்வோம். அன்று அது எனக்குச் சாதாரணமாக இல்லை.

கேட்டுக்கு வெளியே நின்று டிக்கெட் ஏஜென்டுக்குப் போன் போட்டேன். "இன்னிக்கு ராத்திரி சிங்கப்பூர் வழியா சீட் இருக்கு மேடம். ரெண்டு மணிக்குள்ள கன்ஃபர்ம் பண்ணிட்டீங்கன்னா நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள போயிடலாம். அதுக்கு மேல என்னால பிடிச்சு வைக்க முடியாது."

மாற்றுவதற்கு ராகவன் சாரின் அனுமதி வேண்டும்.

அவர் அறைக்குப் போகும் வராந்தா அவ்வளவு நீளமில்லை. அதற்குள் எனக்கு ஒரு யோசனை வந்ததை மறைக்கப் போவதில்லை. அந்தப் பொண்ணு கிழமையை மாற்றிச் சொல்லிவிட்டாள் சார் என்று சொல்லலாம். யூனிக்குத் தமிழும் வராது, ஆங்கிலமும் வராது. அவள் சொன்னதை இந்த ஆலையில் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் நான். எந்தக் காலத்திலும் வெளியே தெரியாது.

கதவைத் தட்டும்போதும் எதைச் சொல்வேன் என்று எனக்குத் தெரியாது. உள்ளே போய் அவர் முகத்தைப் பார்த்ததும், "சார், நான் தப்பாப் புரிஞ்சிக்கிட்டேன்" என்று வந்துவிட்டது.

முழுவதையும் கேட்டார். "அந்த பாஷை தெரியும்னு யார் மேடம் உங்களச் சொல்லச் சொன்னா? அகுஸுக்கு ஒரு மெயில் போட்டிருந்தா அஞ்சு நிமிஷம்."

இரண்டு மணிக்குள் சொன்னால் டிக்கெட்டை மாற்றிவிடலாம் என்று சொன்னேன்.

"நாளைக்குப் பத்து மணிக்குக் கஸ்டமர் வராங்க. இன்னும் ஒரு பேனல்கூட ஒழுங்கா வரல. நான் எப்படி அனுப்புவேன்?"

கதவருகே யூனி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. தலைக்கவசம், கையுறை, எல்லாம் போட்டுத் தயாராக இருந்தாள். அவரைப் பார்த்து, "ஹாரி இனி. பீசா" என்றாள்.

ராகவன் சார் என்னைப் பார்த்தார்.

"இன்னிக்கே முடிக்க முடியும்ங்கறாங்க சார்." அவளிடம் திரும்பி விரலைத் தரையை நோக்கிக் காட்டி, "ஹாரி இனி?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

"ரெண்டு மணிக்குள்ள மூணு பேனல் வரிசையா நல்லா வரட்டும்" என்றார். "ஏழுமலை தனியா ஓட்டிக் காட்டணும். அப்படின்னா அனுப்பறேன்."

மூன்று பேனல்

அது தகட்டை அழுத்திக் காரின் கதவுக்கு உள்பாகமாக, அதாவது பேனலாக, வளைக்கும் பிரஸ். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் தரை வழியாக நம் குதிகாலுக்கு அதிர்வு வரும். ஒன்பது மணிக்குத் தொடங்கினார்கள். எனக்கு அங்கே வேலையில்லை. இருந்தும் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

முதல் தகடு, மூலையில் கீறல். இரண்டாவதும் அதே மூலை. யூனி டையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள், எண்ணெய் தடவிய சாணைக்கல்லால் தேய்த்தாள், பிரஷரைக் குறைத்தாள். ஆறாவது தகட்டில் கீறல் போய்ச் சுருக்கம் வந்தது. பதினொன்றரைக்கு டீ வந்தது, அவள் தொடவில்லை. விஷயம் லைனில் எப்படியோ பரவியிருந்தது. தகடு எடுத்துக் கொடுப்பவன் வேகமாகக் கொடுத்தான். சாப்பாட்டு மணி அடித்தபோது நாலைந்து பேர் போகாமல் நின்றார்கள்.

"சாப்ட்டு வாங்கடா" என்றேன்.

"மூணுலேர்ந்து நாலர ராகு காலம் மேடம். அதுக்குள்ள இத முடிச்சிட்டு மொத்தமா சாப்ட்டுக்கறோம்" என்றான் ஏழுமலை.

ஒன்றேகாலுக்கு ஒரு பேனல் சுத்தமாக வந்தது. யூனி சட்டென்று பின்னால் நகர்ந்து, பொத்தான்களை ஏழுமலைக்குக் காட்டினாள். அடுத்ததை அவன் ஓட்டினான். நன்றாக வந்தது. மூன்றாவதும். ராகவன் சார் வந்து கையுறை போட்ட கட்டைவிரலை மூன்றின் விளிம்பிலும் ஓட்டிப் பார்த்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"போகச் சொல்லுங்க" என்றார். மணி ஒன்று ஐம்பது. நான் கேட்டுக்கு ஓடினேன். என் போன் அங்கேதான் இருந்தது.

அதன்பிறகு நாலரை மணி வரை யூனி ஏழுமலையோடு இருந்தாள். எந்த அலாரம் வந்தால் எதை முதலில் பார்க்க வேண்டும் என்று படம் போட்டுக் கொடுத்தாள். அவன் பக்கத்திலேயே தமிழில் எழுதிக்கொண்டான். கிளம்பும்போது, "திரும்பி எப்போ வருவ யூனி? லூசாவா?" என்றான். அன்று முதல் முறையாக அவள் சிரித்தாள். "மிங்கு டெபான்" என்றாள்.

"ஞாயித்துக்கெழமயா?"

"அடுத்த வாரம்" என்றேன். சொல்லிவிட்டு, நிச்சயமாகத்தானா என்று காலண்டரில் தொட்டுக் காட்டச் சொல்லிக் கேட்டேன்.

ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொடுத்தார் சாதிக் பாய். நான் மன்னிப்புக் கேட்க வார்த்தை தெரியாமல் நின்றேன். நாள் பெயர்கள் தெரியும், மாதங்கள் தெரியும், அதற்கு ஒரு சொல் கற்றிருக்கவில்லை. "என் தப்பு" என்று தமிழிலேயே சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். என் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு உள்ளே போனாள்.

புதன்

மறுநாள் கஸ்டமர் முன்னால் பிரஸ் ஒருமுறை நின்றது. ஏழுமலை அந்தப் படத்தைப் பார்த்து நாற்பது நிமிஷத்தில் மறுபடி ஓட வைத்தான். வந்தவர்கள் அதையும் குறித்துக்கொண்டுதான் போனார்கள். எனக்கு எழுத்து மூலம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஒரு பத்தியில் பதில் எழுதினேன். தெரிந்ததாக நினைத்தேன், தேதியைக் கேட்கவில்லை என்று. அது என் கோப்பில் இன்னும் இருக்கிறது. இருக்கட்டும்.

யூனி அடுத்த வாரம் வரவில்லை. அவளை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். மிச்சத்தை முடிக்க அகுஸ்தான் வந்தார். ஆனால் அதெல்லாம் பிறகு தெரிந்தது.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நான் குன்றத்தூரில் என் வீட்டுச் சமையலறையில் இருந்தேன். யூனி ஊரில் மணி ஏழரையைத் தாண்டியிருக்கும். ஜகார்த்தாவில் ஊருக்கு மாறிப் போக வேண்டிய விமானம் இரண்டு மணி நேரம் தாமதம் என்று மத்தியானமே அவளிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. அதன்பின் ஒன்றும் இல்லை. வெங்காயம் அரிந்துகொண்டே போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறே முக்காலுக்குக் குரல் செய்தி வந்தது. முதலில் நிறைய ஆண்கள் சேர்ந்து ஓதும் சத்தம், ஒரே தாளத்தில், விட்டுவிட்டு ஏறி இறங்கியது. ஏதோ குழந்தை நடுவில் பேசியது. பிறகு வாயருகே, ரொம்பத் தாழ்ந்த குரலில் யூனி. "இபு ரேவதி. சுடா டி ரூமா."

வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவ்வளவுதான் சொன்னாள். அதன்பிறகும் அரை நிமிஷம் அந்த ஓதல் ஓடியது. நிறுத்த மறந்துவிட்டாள் போலிருக்கிறது. நான் முழுவதையும் கேட்டேன். வெங்காயம் அரிந்த கையோடு கண்ணைத் துடைத்ததில், அது வேறு எரிந்தது.

சாதிக் பாய்க்குப் போன் செய்தேன்.

"போய்ச் சேந்துட்டாங்க பாய். ஓதி முடிக்கறதுக்குள்ள போயிட்டாங்க."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு, "காலைல எத்தன மணிக்கு மேடம் வண்டி?" என்று வழக்கம்போலக் கேட்டார்.

ஆறரை என்று வாய் வரை வந்துவிட்டது. அந்த வண்டி யூனிக்காகப் போட்டது. நான் அதில் ஒட்டிக்கொண்டு போனவள்.

"நாளைக்கு வேணாம் பாய்" என்றேன். "நான் கம்பெனி பஸ்லயே வந்துடறேன்."